மரில்டாவின் கால்களும் சுல்மீராவின் பாட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பேட்டை ஒலாரியாவில் குரைப்புச் சத்தம் கேட்டால் நாயைத் தேடாதீர்கள். பெலிசாரியோ வீட்டுக் கொல்லையில் ஊரே கூடிக் குரைக்கிறது என்று அர்த்தம். 'மழை விட்ட முற்றம்' இசைத்தட்டில் மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில் ஒரு தெருநாய் ஒரே ஒரு முறை குரைக்கும். எழுபத்தைந்தாம் ஆண்டு, ஸ்டுடியோ கதவைச் சாத்த மறந்த ஏதோ ஒரு தூங்குமூஞ்சியின் புண்ணியம். இன்றைக்கு அந்தக் குரைப்பை விட்டுவிட்டுப் பாடினால் கூட்டம் எங்களை உயிரோடு விடாது. பல் இல்லாதவர்கள் குரைக்கிறார்கள், பாதிரியார் குரைக்கிறார், ஒரு நீதிபதி சட்டையில் பீர் சிந்தச் சிந்தக் குரைக்கிறார்.

நான் ஒதீலியா. அந்த வட்டத்தில் பெருமுரசு அடிப்பவள். நடுவில் மேசை, மேசையைச் சுற்றி வாசிக்கிற நாங்கள், எங்களைச் சுற்றி ஜனம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இசைத்தட்டில் இருக்கிற வரிசையிலேயே பாடுவோம். தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் பீர் வாங்க இடைவேளை. இத்தனை வருஷமாக எப்படிச் சலிக்காமல் இருக்கிறது என்று பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்பார்கள். அந்தப் பாட்டுகளில் ஒருத்தன் காதலில் தோற்றுப்போய், ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டே சிரிக்கிறான். எங்கள் எல்லார் வீடும் ஒழுகியிருக்கிறது. வேறென்ன காரணம் வேண்டும்?

அந்த ஒருத்தன்தான் கிரினோ அண்ணன். எல்லாப் பாட்டையும் எழுதிப் பாடியவர். இப்போது எழுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். காதலில் அவரைத் தோற்கடித்தவள் மரில்டா. தட்டு வெளிவருவதற்கு முன்பே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு சாவோ பாலோ போய்விட்டாள். போகும்முன் அட்டைப் படத்துக்குத் தன் கால்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். மழைத்தண்ணீர் தேங்கிய தரையில் இரண்டு வெறுங்கால்கள். அவள் முகம் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, கால்களைத் தெரியாதவர்கள் இல்லை. கடற்கரைப் பக்கத்துப் பணக்காரப் பையன் ஒருவன் அவற்றைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு வருகிறான்.

அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டில் கறித்துண்டே விழாது. காரணம், கொல்லை மூலையில் பன்றிக்கறி போட்டுக் கறுப்பு பீன்ஸ் கிண்டுகிறவள் சுல்மீரா அக்கா. கிரினோ அண்ணனின் மனைவி. புருஷன் இன்னொருத்திக்காக உருகி எழுதியதை ஊரே உருகிப் பாட, அந்த ஊருக்கு நாற்பது வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். நானாக இருந்திருந்தால் முதல் வாரமே பானையில் பேதி மாத்திரை கலந்திருப்பேன்.

போன மாதம் ஒருநாள் கீரை நறுக்கிக்கொண்டே சொன்னாள். கிரினோ அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் பேச்சு என்னிடம்.

"ஒதீலியா, இந்தாளுகிட்ட சொல்லி வையி. வர்ற ஞாயித்துக்கெழம எனக்குன்னு ஒரு பாட்ட இந்த ஜனம் பாடணும். இல்லாட்டி நிதெரோயில இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். கரண்டிய அந்த மரில்டா வந்து புடிக்கட்டும். பெட்டி கட்டியாச்சு, வேணும்னா போயி பாத்துக்க."

"எழுதித்தான்டி வெச்சிருக்கேன்," என்றார் அவர். "எவன் பாடறான்?"

பெட்டி கட்டியது நிஜம். அவர் சொன்னதும் நிஜம். எங்கள் வட்டத்தில் புதுப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. எழுதியவன் பல்லவியை இரண்டு தடவை தனியாகப் பாட வேண்டும். மூன்றாவது தடவை கூட்டம் எடுத்துக்கொண்டால் பாட்டு பிழைத்தது. எடுக்காவிட்டால் செத்தது, திரும்ப யாரும் தொட மாட்டார்கள். கிரினோ அண்ணன் புதுசு என்று வாயைத் திறந்தாலே கழிப்பறை வாசலில் வரிசை நின்றுவிடும். அதுவரை யாருக்கும் முட்டியிருக்காது. சுல்மீரா பாட்டை இன்னும் அவர் வெளியில் எடுக்கவில்லை. அதுவும் அந்த வரிசையில் போய்ச் சாகுமோ என்ற பயம்.

அதனால் பொய்யை நான் சொன்னேன். நல்ல பொய், சொன்னதில் எனக்கு வெட்கமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டைத் திருப்பும் இடைவேளையில் எழுந்து நின்று, "எல்லாரும் கேளுங்க. மழை விட்ட முற்றத்துக்குன்னு எழுதி, தட்டுல எடம் பத்தாம விட்டுப்போன பாட்டு ஒண்ணு இருக்கு. அண்ணன் இன்னிக்குத்தான் மொதல் தடவையா பாடப் போறாரு," என்றேன்.

கழிப்பறைக்குப் பாதி வழியில் இருந்தவர்கள் சிறுநீரை அடக்கிக்கொண்டு திரும்பினார்கள். கிரினோ அண்ணன் பாடினார். பாட்டுக்குள்ளே உப்பு டப்பாவை ஒளித்து வைக்கிற ஒருத்தி, குறட்டையில் ரயில் ஓட்டுகிற ஒருத்தி, அவள் பக்கத்தில் இல்லாத ராத்திரி அந்த ரயில் சத்தம் கேட்காமல் தூங்க முடியாத ஒருத்தன். இரண்டாவது தடவை முடிவதற்குள்ளேயே ஜனம் எடுத்துக்கொண்டது. பச்சை குத்திய பையன் விம்மி விம்மி அழுதான். இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இப்போது யார் எழுதுகிறார்கள் என்று ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். போன செவ்வாய்க்கிழமை எழுதியதுதான் அம்மா, என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

பாட்டு பிழைத்துவிட்டது என்று மூச்சு விட்டேன். அப்போது பெலிசாரியோ எழுந்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், கொல்லைக்குச் சொந்தக்காரன். அந்த இசைத்தட்டுக்குத் தான்தான் காவல் தெய்வம் என்று நினைப்பு.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதப் பாடறப்ப ஸ்டுடியோவுல நான் இருந்தேன்," என்றான். "அண்ணே, ரெண்டாவது அடிய மாத்திப் பாடறீங்க. அங்க கொரல் கீழ எறங்கணும். ஆனா ஒண்ணு, மரில்டாவ நெனச்சு நீங்க எழுதினதுலயே இதான் உச்சம்."

"மரில்டா, மரில்டா," என்று கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. அடுப்பு மூலையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"இது மரில்டா இல்ல," என்றார் கிரினோ அண்ணன் எழுந்து. "என் சுல்மீரா. போன வாரம் எழுதினது. விட்டுப்போன பாட்டுன்னு சொன்னது பொய்."

"பாவம், வயசாயிடுச்சில்ல," என்று பெலிசாரியோ எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். "உக்காருங்கண்ணே. யாராச்சும் தண்ணி குடுங்கப்பா."

மறுபடி மரில்டா மரில்டா என்று தொடங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் முரசை நிறுத்திவிட்டேன். முரசு நின்றால் கித்தார், கஞ்சிரா எல்லாமே தடுமாறி நின்றுவிடும். அந்த அமைதியில் சுல்மீரா அக்கா பீன்ஸ் சொட்டும் கரண்டியோடு மேசை வரைக்கும் வந்தாள்.

"பெலிசாரியோ, மரில்டா எதுக்குப்பா உப்ப ஒளிக்கணும்? இருவத்தாறு வயசுப் பையனுக்கு ரத்தக்கொதிப்பா?"

"அது வந்துக்கா, கவிதைன்னா..."

"குறட்ட? இந்தாளோட ஒரு ராத்திரி தங்கியிருக்காளா அவ? அவ குறட்ட விடுவாளா மாட்டாளான்னு அந்தப் பல் டாக்டர்கிட்டப் போயி கேளு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெலிசாரியோ தன் பீர் குவளைக்குள் எதையோ தேடினான். சுல்மீரா அக்கா சிரிக்கவில்லை. கிரினோ அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"எப்படி இருக்குன்னு சொல்லேன்," என்றார்.

"பழசு அளவுக்கு இல்ல."

கரண்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

"அதெல்லாம் மட்டமான பாட்டா இருந்திருந்தா என் கோவம் என்னிக்கோ தீந்திருக்கும்," என்றாள். "அடுப்பாண்ட நின்னு நானும் வாய்க்குள்ள பாடிக்கிட்டுதான இருந்தேன். ஒண்ணு விடாம. அவ்ளோ நல்லா இருக்கு, சனியன். எவளோ ஒருத்திக்கு எழுதினது இப்படியா என் நெஞ்சுல வந்து ஒக்காரணும்? அதான் வயித்தெரிச்சல்."

கரண்டியை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள்.

"இது சுமாரான பாட்டு. ஆனா என்னுது. ம், பாடுங்க."

நான் முரசை அடித்தேன். ஒருவரும் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. பச்சை குத்திய பையன் தோள்பட்டையைச் சட்டையால் மூடிக்கொண்டு பாடினான். பெலிசாரியோ எல்லாரையும் விட உரக்கப் பாடினான், இரண்டாவது அடியில் குரலைக் கீழே இறக்கி.

கிரினோ அண்ணன் மட்டும் பாடாமல் நின்றார். தான் எழுதியதை ஊர் பாடிக் கேட்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. யாருக்காக எழுதினாரோ அவளே எதிரில் நின்று கேட்பதை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. இத்தனையும் கேட்டு வாங்கிய சுல்மீரா அக்காவோ, ஊரே தன்னைப் பார்த்துப் பாடும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.