சகலையின் போன்

கடன் வாங்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு ஒரு லிஃப்டுக்குள் வைத்துத்தான் வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கதவு மூடப்போய் மூடப்போய்த் திறந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் அவன் மூக்குக்கு நேரே ஒரு விளம்பரம். நீலக் கடல், குடைக்கடியில் ஒரு குடும்பம், கீழே கொட்டை எழுத்தில், ‘இப்போதே போய் வாருங்கள். மெதுவாகக் கட்டுங்கள்.’

முந்தின நாள்தான் சகலை போன் செய்திருந்தார். அவன் மனைவியின் அக்காவைக் கட்டியவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வருஷம் தவறாமல் விடுமுறைக்கு எங்காவது போய்விட்டு வந்து போட்டோ அனுப்புகிறவர்.

“இந்த வருஷம் கடலோரமா ஒரு வீடே வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். ஆறு நாள். நீங்களும் வாங்க. செலவு நான் பார்த்துக்கறேன்.”

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவியும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியம் மெக்கானிக்கைச் சுருக்கென்று குத்தியது.

“அதெல்லாம் வேண்டாம் சகலை. பாதிக்குப் பாதி. அதுல பேச்சே இல்ல,” என்றான் வாய் கூசாமல்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். “பாதின்னா எங்கேருந்துங்க?”

“ஓவர்டைம் பாக்கி வரவேண்டியிருக்கு.”

வரவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்பது வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் குட்டி, அதற்குள் கடலில் எத்தனை மணி வரைக்கும் குளிக்கலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கடன் கொடுக்கும் கம்பெனி ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் சம்பளச் சீட்டைப் பார்த்தாள், கையெழுத்து வாங்கினாள். இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான கடன், ஒரு வருடத் தவணை. கடைசியில் ஒரு படிவத்தைத் தள்ளினாள்.

“தெரிஞ்சவங்க ஒருத்தர் பேரும் நம்பரும் எழுதுங்க சார். சும்மா ஃபார்மாலிட்டி.”

வேலையிடத்து ஆள் பெயரை எழுதினால் மானம் போகும். மனைவி பெயரை எழுதவே முடியாது. பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, சொந்தக் கடை வைத்திருக்கிற ஆள் என்றால் மதிப்பாக இருக்குமே என்று சகலையின் பெயரையும் நம்பரையும் எழுதினான்.

முதல் தவணையை ஒழுங்காகக் கட்டினான். இரண்டாவதுக்கு எடுத்து வைத்திருந்த பணம் நீச்சல் உடை, புதுச் செருப்பு, வெறுங்கையோடு போகக்கூடாதே என்று சகலையின் மனைவியான அண்ணிக்கு ஒரு கைப்பை என்று கரைந்தது. பத்து நாள் தள்ளிக் கட்டினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

கேட்டார்கள். கடலோர வீட்டில் கால் வைத்த அன்றே கேட்டார்கள்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. கீழே ஒரு கூடமும் மூன்று அறைகளும். ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. குட்டிக்கும் சகலையின் மகளுக்கும் ஒரே அறை. பதினாறு வயதான அவளைப் பெரியவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குட்டி அவள் வால் மாதிரி அலைந்தாள். மெக்கானிக் மட்டும் போன் அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினான்.

“லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சு. புதுப் பையன், என்ன பண்றதுன்னு கேக்கறான்,” என்பான் திரும்பி வந்து.

“அதென்ன, நீங்க லீவுல வந்த நேரம் பார்த்து ஊரே லிஃப்டுக்குள்ள மாட்டிக்குது?” என்றாள் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நான்காம் நாள் மதியம் பேசிய இளைஞன் குரலை உயர்த்தவே இல்லை. “சார், உங்களைத் தொந்தரவு பண்றதுல எனக்கு என்ன சந்தோஷம்? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டிடுங்க. இல்லேன்னா நீங்க எழுதிக் குடுத்த நம்பருக்குப் பேச வேண்டியிருக்கும். என்னைத் தப்பா நினைக்காதீங்க.”

“தம்பி, ஒரு வாரம் டைம் குடுங்க.”

“அஞ்சு மணி சார்.”

மெக்கானிக் தன் சூப்பர்வைசரை அழைத்து அட்வான்ஸ் கேட்டான்.

“போன மாசமே வாங்கிட்டியேப்பா. கடல்ல குளிக்கறவனுக்கு எதுக்கு அட்வான்ஸ்? போய் நல்லாக் குளி,” என்று அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். வேறு இரண்டு பேரிடம் கேட்டான். ஒருவன் எடுக்கவில்லை, இன்னொருவன் கையை விரித்தான். இனி அந்த இளைஞன் குரலைக் கேட்கவே கூடாது என்று தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் கடைத்தெருவுக்குப் போனார்கள். பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடினார்கள். சகலை அறைக்குள் போய்ப் படுத்தவர் ஐந்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். அவருடைய போன் கூடத்தில், ஜன்னலோர மேஜையில் சார்ஜில் கிடந்தது.

மெக்கானிக் அதற்கு எதிரே உட்கார்ந்தான். நான்கு மணி. நாலேகால். மூன்று நாளாகத் தன்னைத் தோளில் தட்டித் தட்டி, “பாதிக்குப் பாதின்னு சொன்னாரு பாரு, அதான் ஆம்பள!” என்று எல்லோரிடமும் சொன்ன மனிதர் அந்த போனை எடுத்து “யாரு? கடனா?” என்று கேட்கும் காட்சி கண் முன்னால் ஓடியது. அண்ணியின் முகம், பிறகு மனைவியின் முகம்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்தான். குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. போனைத் தொட்டான். பூட்டியிருந்தது. ஆனால் அணைப்பதற்குப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை கறுத்தது. இருந்தபடியே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

ஐந்து அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தே கால். இன்றைக்குத் தப்பித்தாயிற்று, நாளைக்கு வேறு வழி பார்க்கலாம். எழுந்து போய் டீ போட்டான். நான்கு நாளில் முதல் தடவையாக ஒரு வாய் ருசித்துக் குடித்தான்.

வாசல் கதவு படீரென்று சுவரில் மோதியது. அண்ணி நின்றாள். காலில் செருப்பில்லை. மூச்சு இரைத்தது.

“எல்லார் போனும் செத்துப்போச்சா? பிள்ளைங்க பாறையில மாட்டிக்கிட்டு நிக்குதுங்க! தண்ணி ஏறுது!”

டீ டம்ளர் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் சகலை வெறும் உடம்போடு ஓடி வந்தார்.

கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒரு பாறை இருந்தது. தண்ணீர் வடியும்போது மணல்மேட்டில் நடந்தே அதற்குப் போய்விடலாம். பிள்ளைகள் போயிருந்தார்கள். குட்டி வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். பெரியவள் ரத்தத்தைக் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது மணல்மேடு காணாமல் போயிருந்தது. இப்போது அலை பாறையின் பாதிவரை ஏறி அறைந்தது. உச்சியில் இரண்டு உருவங்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன.

மனைவி கரையில் நின்று மகளைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். மெக்கானிக் நேரே தண்ணீரில் இறங்கினான். இடுப்பு வந்தது, நெஞ்சு வந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. அடுத்த அலை அவனைப் புரட்டிப் போட்டது.

“யோவ், உன்னையும் சேர்த்துத் தேடணுமா? கரைக்குப் போய்யா!” என்று படகிலிருந்து ஒரு குரல் அதட்டியது. வாடகைப் படகுக்காரர் ஒருவர் அதற்குள் படகை இறக்கியிருந்தார். பாறைக்குப் பக்கத்தில் போன படகை அலை இரண்டு தடவை பின்னுக்குத் தள்ளியது. மூன்றாவது தடவை கயிற்றை வீசினார். பெரியவள் அதைக் குட்டியின் இடுப்பில் கட்டி முதலில் அவளை இறக்கினாள். அவள் தானும் குதித்து ஏறும்வரை கரையில் யாருக்கும் மூச்சே வரவில்லை.

வீட்டுக்கு வந்து போர்வை சுற்றி உட்கார வைத்த பிறகும் குட்டியின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. பெரியவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏம்ப்பா போனை ஆஃப் பண்ணி வெச்சே? தண்ணி முட்டிக்குக் கீழ இருக்கும்போதே கூப்பிட்டேன். ஏழு தடவை கூப்பிட்டேன். சித்தப்பாவையும் கூப்பிட்டேன். அம்மா எடுக்கல. கடைசியில சித்திதான் எடுத்தாங்க.”

“நான் ஆஃப் பண்ணலியேம்மா! சார்ஜ்ல போட்டுட்டுத்தானே படுத்தேன்.” சகலை மேஜைக்குப் போனார். கறுத்த திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த ப்ளக் லூசா இருக்கும். சார்ஜ் ஏறியிருக்காது,” என்றாள் அண்ணி. பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள். “என்ன, நீங்க சொல்லுங்க. அப்படித்தானே?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கரண்ட் விஷயத்தில் அந்த வீட்டில் அவன் சொன்னதுதான் சட்டம். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். கடன்காரன் அழைத்திருந்தாலும் ஏதோ ராங் நம்பர் என்று சமாளிக்கலாம். சகலையின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. மெக்கானிக் குட்டியைப் பார்த்தான். அவளும் அவன் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள். அப்பா சொல்வதை அப்படியே நம்பப்போகிற முகம்.

“ப்ளக் நல்லாத்தான் இருக்கு,” என்றான். “நான்தான் ஆஃப் பண்ணேன்.”

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி, தவணை, படிவத்தில் எழுதிய நம்பர், ஐந்து மணி. நடுவில் சகலையின் கையிலிருந்த போன் உயிர் பெற்று அடுக்கடுக்காகச் சத்தம் போட்டது. அணைந்திருந்தபோது வந்த அழைப்புகளைச் சொல்லும் மெசேஜ்கள். மகளுடையவை ஏழு. தெரியாத நம்பரிலிருந்து ஒன்று.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே…” என்று தொடங்கினார் சகலை.

“அதனாலதான் கேக்கல.”

அவர் இரண்டே எட்டில் வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “பணத்தை விடுய்யா! பணம் கிடக்கட்டும். என் பொண்ணு என்னைக் கூப்பிட்டிருக்காய்யா. ஏழு தடவை கூப்பிட்டிருக்கா.” கையை உதறிவிட்டு வெளியே போய்விட்டார்.

மனைவி குட்டியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மெக்கானிக் அன்றிரவு கூடத்திலேயே கிடந்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூவரும் கிளம்பினார்கள். யாரும் தடுக்கவில்லை. குட்டி ஜன்னலோரத்தில் தூங்கிப்போனாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் மனைவி வாய் திறந்தாள்.

“மொத்தம் எவ்வளவு?”

சொன்னான். வட்டியோடு, அபராதத்தோடு, சூப்பர்வைசரிடம் வாங்கிய அட்வான்ஸோடு. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“வேற?”

காலடியில் இருந்த புதுப் பெட்டியைப் பார்த்தான். “இந்தப் பெட்டியும் தவணைதான்.”

அவள் அதுவரை பெட்டியின் மேல் கால் நீட்டி வைத்திருந்தாள். சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை. “மூணு நாளா உங்க லிஃப்ட் கதையைச் சொல்லிச் சொல்லி நானே எல்லாரையும் சிரிக்க வெச்சேன்,” என்றாள். “அது எனக்கு எப்ப ஆறும்னு தெரியல.”

அடுத்த வாரம் அவளே அவனை இழுத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனாள். அரை நாள் உட்கார்ந்து வாதாடி, அபராதத்தைத் தள்ளுபடி செய்யவைத்து, மீதியை இரண்டு வருடமாக நீட்டி வாங்கினாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவளிடம் கொடுத்தான்.

சகலை வீட்டோடு பேச்சு நின்றுபோனது. அண்ணி தன் தங்கையோடு பேசினாள், ஆனால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பத்து மாதம் கழித்து உறவில் ஒரு கல்யாணம் வந்தது. மெக்கானிக் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். சகலை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பெரியவள் வந்தாள். பக்கத்து நாற்காலியில் அவன் வைத்திருந்த துணிப்பையைப் பார்த்தாள்.

“அதை எடுங்க சித்தப்பா. எங்க உக்காருவேன்?”

அவன் அவசரமாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். கல்யாணம் முடியும்வரை அவள் எழுந்து போகவில்லை.