மூக்கம்மாவின் முத்திரை

“நம்பர் ரெண்டும் ஒண்ணா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“ஒண்ணுதான் சார். பெட்டிக்கு அடியில இருக்கறதும் பாட்டிலுக்கு அடியில இருக்கறதும் ஒரே நம்பர்தான். பிரிச்சதுமே பாத்தேன். பிரிக்கறத வீடியோகூட எடுத்து வச்சிருக்கேன்.”

“அப்புறம் என்னம்மா?”

“உள்ள இருக்கறது அது இல்லையாம்.”

“இல்லையாமா? யார் சொன்னா?”

“நான் வீட்டு வேலை பாக்கறேன் சார். அந்த வீட்டம்மா சொல்றாங்க.”

முதலாளி போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த மூக்கம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். “வீட்டம்மா மூக்கு ஒசத்தியா, நம்ம மூக்கு ஒசத்தியா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன் சார். அசல்தான்” என்றாள் மூக்கம்மா.

முதலாளி போனிலிருந்து கையை எடுத்தார். “அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ, நீங்க திருப்பி அனுப்பினப்ப ஒரு தடவ, எங்க நிபுணர் பாத்தாச்சு. இன்னொரு தடவ இந்தப் பாட்டில் திரும்பி வந்துச்சுன்னா உங்க பேரு மோசடி லிஸ்ட்ல ஏறிடும். அப்புறம் எந்தக் கடையிலயும் சோப்புகூட வாங்க முடியாது.” போனை வைத்துவிட்டு, தாம் சொன்னதை நினைத்துத் தாமே சிரித்துக்கொண்டார். பேக்கிங் மேசையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அது பாதி விலைக்கு சென்ட் விற்கும் கடை. கடை என்றால் கண்ணாடிக் கதவும் விளக்கும் கிடையாது. இரண்டாம் மாடியில் நீளமான ஓர் அறை, இரும்பு அலமாரிகள், இணையத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான். மூடப்போகும் கடைகளின் மிச்சம், பெட்டி நசுங்கியவை, போன வருடத்துச் சரக்கு எல்லாம் இங்கே வந்து சேரும். பாதி விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. அந்தப் பயத்துக்கு முதலாளி கண்டுபிடித்த மருந்து மூக்கம்மா. இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அவளுடைய மூக்கு. முகமில்லை, பக்கவாட்டில் எடுத்த மூக்கு மட்டும். ‘ஒவ்வொரு பாட்டிலும் இந்த மூக்கைத் தாண்டித்தான் உங்கள் வீட்டுக்கு வரும்’ என்று அதன் கீழே போட்டிருந்தது. அதே மூக்கை ரப்பர் முத்திரையாகவும் செய்திருந்தார்கள். அவள் பெட்டியில் குத்தினால் அது அசல்.

அந்த மூக்கு செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பால் சுண்டி, அடிப்பிடித்து, பாத்திரமே கருகியது. தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்த வீட்டுக்காரர்தான் அடுப்பை அணைத்தார். மோப்பம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் அன்று ராத்திரியே முடிவுசெய்துவிட்டார்.

“வெளிய மூச்சு விட்டுடாத. அங்க போட்டோதான விக்குது? போட்டோ என்ன மோந்தா பாக்குது?”

“ஒருநாள் மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கற வரைக்கும் சம்பளம் வருதுல்ல.”

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவருக்கு சைனஸ் வந்தது. அன்று சாயங்காலமே நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டார்கள். அவர் அதன் பின்னாலேயே போனார். அவரைக் கேலிசெய்து முதலாளி இன்றைக்கும் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது அவள்தான். பெருக்கித் துடைக்க வந்தவளை ஒரு மூக்குக்காக நாற்காலியில் ஏற்றியிருந்தார்கள். இறக்கிவிட ஒரு தும்மல் போதும்.

ஆகவே அவள் கண்ணால் முகரக் கற்றுக்கொண்டாள். பெட்டியின் மேலுறை எங்கே மடிந்திருக்கிறது, பாட்டிலின் அடிக்கண்ணாடி எவ்வளவு கனம், மூடி எந்தச் சத்தத்தோடு பொருந்துகிறது, தெளித்தால் பனிபோல் விழுகிறதா துளித்துளியாக விழுகிறதா என்று பார்த்தாள். தராசில் வைத்து எடை பார்த்தாள். கடைசியில் காகிதச் சீட்டை நனைத்து, காற்றில் ஒரு வீசு வீசி, மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடுவாள். முன்பெல்லாம் ஒரு விநாடி, இப்போது மூன்று விநாடி. மூக்கு இருந்த காலத்தைவிட இப்போதுதான் அவளை அதிகமாக நம்பினார்கள்.

ஆறு வாரம் ஒரு தப்பும் நடக்கவில்லை. போன வாரம் மூடிப்போன ஒரு கடையிலிருந்து இருநூறு பாட்டில்கள் வந்தன. பெட்டி, கண்ணாடி, மூடி, எண் எல்லாம் அசல். எடையும் சரி. அவள் வரிசையாக முத்திரை குத்திக்கொண்டே போனாள். அவள் வீசிய சீட்டு பேக்கிங் பெண்ணின் பக்கம் காற்றைக் கொண்டுபோனது.

“அக்கா, இதுல வெறும் ஸ்பிரிட் வாடைதான வருது?”

மூக்கம்மாவின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. “டேப் ஒட்டற கைக்கு மூக்கு எதுக்கு? உன்ன மோந்து பாக்கவா வச்சிருக்காங்க?”

அந்தப் பெண் அடுத்த பெட்டியை இழுத்து டேப் ஒட்டினாள். ஆனால் மூக்கம்மாவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. யாரோ நல்லதை உறிஞ்சி எடுத்துவிட்டு, நிறம் கலந்த ஸ்பிரிட்டை ஊற்றியிருக்கிறார்கள். தெரிந்துதான் மிச்சத்துக்கும் முத்திரை குத்தினாள். அதில் ஒன்றுதான் அந்த வேலைக்காரப் பெண்மணிக்குப் போனது.

போன் வந்த மறுநாளே அவர் நேரில் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். பாட்டிலைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல மார்போடு பிடித்திருந்தார். இரண்டு மாடி ஏறிய இளைப்பு தீரவில்லை. மூக்கம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“படத்துல இருக்கறது இதுதான?” என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். “இதப் பாத்துத்தாம்மா வாங்கினேன். நாலு கடை பாத்தேன். ஒருத்தன் கால் விலைக்குத் தரேன்னான், பயமாயிடுச்சு. இன்னொருத்தன் முன்னாடியே பணம் கட்டச் சொன்னான், மாட்டேன்னுட்டேன். இங்கதான் பொருள் கைக்கு வந்தப்புறம் குடுத்தா போதும்னாங்க. மூக்கும் இருந்துச்சு.”

விஷயம் இதுதான். அலமாரியைத் துடைக்கும்போது முழங்கை பட்டு வீட்டம்மாவின் சென்ட் பாட்டில் உடைந்துவிட்டது. அதே பாட்டிலை வாங்கித் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்து, வாங்கியும் கொடுத்தார். வீட்டம்மா ஒரு முறை தெளித்துப் பார்த்தாள். நல்லதை வேறு யாருக்கோ விற்றுவிட்டு இதில் கண்டதை ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறாய், நீ திருடி என்றாள். அதே தெருவில் இவர் ஏழு வீட்டில் வேலை பார்க்கிறார். நாளைக்குள் இது சரியாகாவிட்டால் ஏழு வீட்டிலும் சொல்லிவிடுவாளாம்.

“பணம் வேணாம் சார். நான் திருடலன்னு தெரிஞ்சா போதும்.”

முதலாளிக்குக் குஷி வந்துவிட்டது. இப்படியொரு காட்சியைக் காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது. போனை நிமிர்த்திப் பிடித்து வீடியோவைத் தொடங்கினார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறு சரக்கைச் சேர்ந்த அதே சென்ட்டின் புதுப் பாட்டில் ஒன்றைப் பிரித்தார். ஒரு சீட்டில் அதைத் தெளித்தார், இன்னொன்றில் அந்தப் பெண்மணியினுடையதை. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“வாடிக்கையாளர் முன்னாலயே சோதனை. சொல்லுங்க மூக்கம்மா. வித்தியாசம் இருக்கா?”

அவள் சீட்டுகளைக் கையில் எடுப்பதற்குள்ளேயே பார்த்துவிட்டாள். இடது சீட்டின் நடுவே எண்ணெய்க் கறைபோல மங்கிய வட்டம் ஒன்று தங்கியிருந்தது. வலது சீட்டு சுவடே இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் காற்றோடு போய்விட்டது. இதைவிடத் தெளிவான சாட்சி அவளுக்கு மூக்கு இருந்த நாளில்கூடக் கிடைத்ததில்லை. வித்தியாசம் இருக்கிறது, இது இங்கிருந்தே இப்படித்தான் போனது என்று சொன்னால் போதும். இந்தப் பெண்மணி நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போவார். அடுத்த கேள்வி உடனே வரும்: அப்படியானால் இருநூறு பாட்டிலுக்கும் எப்படி முத்திரை குத்தினாய்?

எதிரே பெண்மணி இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டு அவளுடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நகங்களைச் சுற்றித் தோல் சோப்புத்தண்ணீரில் ஊறி வெடித்திருந்தது. மூக்கம்மாவுக்கு அந்தக் கைகளைத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கைகளும் அப்படித்தான் இருந்தன. திரும்பவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதல் சீட்டை வீசி மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடினாள். பிறகு அடுத்தது. இந்தமுறை ஐந்து விநாடி.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

“அக்கா” என்றாள் பேக்கிங் பெண், மெதுவாக.

“நீ ஒட்டு.”

முதலாளி போனைப் பெண்மணியின் முகத்துக்கு நேரே திருப்பினார். அவர் அழுவார், அல்லது கத்துவார், எதுவானாலும் வீடியோவுக்கு நல்லது என்று காத்திருந்தார். ஆனால் பெண்மணி நீளமாக மூச்சை விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. அவர் சிரித்துவிட்டார்.

“அப்பாடா. எனக்கென்னம்மா தெரியும், அவங்க சொன்னதத்தான் நானும் சொன்னேன். நானே என்னயே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன், தெரியுமா? ராத்திரி தூக்கத்துல எழுந்து எதையாவது ஊத்திட்டேனோன்னுகூட யோசிச்சேன்.” பாட்டிலை எடுத்துத் துண்டில் பதமாகச் சுற்றினார். “அவங்ககிட்ட பழைய பாட்டிலோட சென்ட் பட்ட சேல ஒண்ணு இருக்கு. துவைக்காம வச்சிருக்காங்க. அதையும் இதையும் நீங்க மோந்து பாத்து, ரெண்டும் ஒண்ணுதான்னு இப்ப சொன்ன மாதிரியே சொன்னா போதும். என் வார்த்தைய நம்ப மாட்டாங்க. உங்க மூக்க நம்புவாங்க.”

முதலாளியின் போன் மெல்லத் திரும்பி மூக்கம்மாவின் முகத்தில் வந்து நின்றது. பேக்கிங் பெண் டேப் உருளையைக் கீழே வைத்தாள்.

பெண்மணி குனிந்து, மேசையின் மேல் இருந்த மூக்கம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“பஸ்ஸுல ரெண்டே நிறுத்தம்தான். இப்பவே என்கூட வரீங்களாம்மா?”