முழு மூன்று அங்குலம்

"கொஞ்சம் சரிச்சா வந்திடும், ஐயா," என்றான் மலர்ச்சாலைக்காரன்.

சவப்பெட்டியின் கால்பக்கம் வாசலுக்கு வெளியே போய்விட்டது. தோள் அகலத்தில் இறுகி நின்றது. காலையில் வெறும் பெட்டியைச் சரித்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது அதற்குள் பாலேஸ்வரி இருந்தாள்.

"சரிக்க வேண்டாம். அவ ஒருபக்கமா உருண்டிடுவா," என்றார் அவள் கணவர் கதிர்காமநாதன்.

ஒருகொடவத்தை மரக்காலையில் இருபத்தாறு வருடம் மரம் அளந்து கொடுத்தவர் அவர். மூன்று அங்குலச் சட்டம் என்று விற்பது சீவி முடிய இரண்டரைதான் வரும். குறைந்துவிட்டதென்று சண்டைக்கு வருபவர்களை, "மூண்டு எண்டது பேர், தம்பி. மிச்சத்தைச் சீவுளி திண்டிட்டுது," என்று சிரித்தே அனுப்பிவிடுவார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இந்த வெள்ளவத்தை வீட்டின் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அதன்பிறகு வாசலின் இரு பக்கமும் சட்டம் வைத்துக் குறுக்கி, இரும்புக் கதவு போட்டார். அந்தச் சட்டங்களை மட்டும் சீவ விடவில்லை. பயம். முழு மூன்று அங்குலம் கேட்டு வாங்கினார்.

அவரே ஒருக்களித்துத்தான் நுழைவார். உடம்புக்காரியான பாலேஸ்வரிக்கு அது பெரும்பாடு. "உந்தச் சட்டத்தைக் கழட்டுங்கோவன், மூச்சு முட்டுது," என்பாள். "நிலைமை சரிவரட்டும்," என்பார். ஆறு வருடமாக அதே பதில். கடைசியில் அவள் கேட்பதையும் விட்டாள், கோயிலுக்குப் போவதையும் விட்டாள்.

இப்போது வாசலில் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக்கு அரை அங்குலம் இடித்தது. சீவியிருந்தால் போயிருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணன், அஞ்சு மணிக்குக் கேர்பியூ, பிறகு ரோட்டுல நிக்க ஏலாது. கனத்தைச் சுடலைக்குப் போய்த் திரும்பவும் வரோணும்," என்றார் பக்கத்து வீட்டு ராசிக்.

"அலவாங்கு ஒண்டு கொண்டாரும், ராசிக்."

"கழட்டினா ராவைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"கொண்டாரும்."

பெட்டியை உள்ளே இழுத்து வைத்தார்கள். ராசிக் கொண்டுவந்த இரும்பு அலவாங்கை வாங்கிக் கதிர்காமநாதன் தானே நெம்பினார். துருப்பிடித்த ஆணிகள் முனகின. சுவர்ச் சாந்து உதிர்ந்தது. இரும்புக் கதவோடு இடப்பக்கச் சட்டம் கழன்று வந்தது.

"போதும் அண்ணன், இனிப் போகும்," என்றார் ராசிக்.

கதிர்காமநாதன் மற்றப் பக்கம் போய், அடுத்த சட்டத்திலும் அலவாங்கைக் கொடுத்தார்.

பாலேஸ்வரி நேராகப் போனாள். இரண்டு பக்கமும் கை வைக்க இடமிருந்தது.

கனத்தையில் எல்லாம் முடிந்து அவர் திரும்பியபோது ஐந்தாகக் கால் மணி இருந்தது. தெருவில் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கதவு சுவரோடு சாய்ந்திருந்தது. வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது.

கதிர்காமநாதன் படியேறி, ஒருக்களித்து உள்ளே போனார்.