முப்பத்திரண்டு கிராம் குறைவு

…பால் குடித்த பிறகு பிள்ளையின் எடை எப்படிக் குறையும், அதுவும் முப்பத்திரண்டு கிராம், அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு மார்பில் போட்டிருந்தாளே, அத்தனையும் வீணா? எடை மெஷினில் கிடந்தவன் காலை உதைத்தான், குண்டு என்பது ஆசைக்கு வைத்த பெயர், ஆறு வாரமாகியும் பெயரில் மட்டும்தான் குண்டு. பாலூட்டும் ஆலோசனை அறையின் நர்ஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எண்ணை மறுபடி பார்த்தார். குடிப்பதற்கு முன் ஒரு தடவை, குடித்ததும் ஒரு தடவை, கூடுவதுதான் பால், இதில் ஒளிவுமறைவு ஏது… "பரவால்லம்மா, சிலருக்கு இப்படித்தான், பாட்டில் பால் ஆரம்பிச்சிடலாம்" என்றார். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. பாட்டிலை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், கணவன் பிடிக்கலாம், மாமியார் பிடிக்கலாம், அவள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கலாம்… "பால் இல்லியா, இல்ல குடுக்க மனசு இல்லியா?" என்று கேட்ட மாமியாரிடம் இனி வாயே திறக்க வேண்டாம், மெஷினே சொல்லிவிட்டது, மெஷினோடு யார் மல்லுக்கு நிற்பது?

அப்போதுதான் பையின் ஓரத்தில் சுருட்டி வைத்த டயப்பர் கண்ணில் பட்டது. குடிக்கும்போதே நனைத்துவிட்டான், சொதசொதவென்று பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுப்பதா என்று கூச்சப்பட்டு, நர்ஸ் வெளியே போய்வந்த இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டாள். அதே துணி, அதே டயப்பர், எதையும் மாற்றாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாரே, காதில் வாங்கினால்தானே! சரி, சொல்லாவிட்டால் என்ன, குப்பையில் போட்டால் கதை முடிந்தது… நர்ஸ் படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார், எழுதட்டும், இன்னும் ஒரு வரி எழுதட்டும், பெற்ற பிள்ளையிடமே திருட்டா… "சிஸ்டர், டயப்பர மாத்திட்டேன்."

நர்ஸ் திட்டவில்லை, சிரித்தார். நனைந்த டயப்பரையும் பையிலிருந்த புதியது ஒன்றையும் எடை போட்டு, கூட்டிக் கழித்து, "நாப்பத்தினாலு கிராம் குடிச்சிருக்கான்மா! கொஞ்சம் கம்மிதான், ஆனா பால் இருக்கு, ஏத்திக்கலாம், பாட்டிலே வேண்டாம்" என்று எழுதியதை அடித்தார். இப்போது வந்தது அழுகை, பொலபொலவென்று. "சந்தோஷத்துல அழுறீங்களா, அழுங்க, அழுங்க." தலையை ஆட்டினாள், எத்தனை நல்ல மனுஷி, இவரிடம் எப்படிச் சொல்வது… பால் இல்லாதவள் பாட்டிலைப் பிடித்தால் ஐயோ பாவம் என்பார்கள், இருப்பவள் பிடித்தால்? "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் நர்ஸ். கேட்க வேண்டும்தான், பால் இருந்தும் பாட்டில் கொடுக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி… பால் இல்லை என்றபோது வராத அழுகை இருக்கிறது என்றதும் ஏன் வந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, நர்ஸ் பேனாவோடு காத்திருந்தார், குண்டு அதற்குள் மறுபடியும் வாயைத் திறந்து அவள் பக்கம் திரும்பியிருந்தான்.