சட்டப்படி காடு

வனத்துறை அதிகாரி யோர்லெனி, சட்டை தைக்க அளவெடுப்பவர் போல ஒரு மரத்தின் இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்துப் பிடித்தாள்.

"பதினாறு சென்டிமீட்டர், தோன் எலாடியோ. இந்தத் தடிமன்ல எழுபத்திரண்டு மரம் எண்ணிட்டேன். சட்டப்படி உங்க சரிவு இப்போ காடு. வாழ்த்துகள்."

"காடில்லம்மா, என் பீன்ஸ் நிலம்."

"பீன்ஸ் எங்க?"

"புதரை வெட்டினாத்தான் வரும்."

"காட்டை வெட்டினா ஜெயில் வரும்," என்றபடி நாடாவைச் சுருட்டினாள். நல்ல பெண்தான்; அதை வருத்தத்தோடுதான் சொன்னாள்.

அந்த மலைப்பக்கத்தில் பீன்ஸுக்கு யாரும் உழுவதில்லை. இரண்டு வருடம் நிலத்தைப் புதருக்கு விட்டுவிட்டு, அக்டோபரில் அந்தப் புதருக்குள்ளேயே விதையை வீசுவார்கள். பிறகு புதரை வெட்டி விதையின் மேலேயே சாய்ப்பார்கள். மட்கும் இலைகளைப் பிளந்துகொண்டு பயிர் எழும்பும். முதலில் விதை, அப்புறம் வெட்டு. வெட்டு இல்லையென்றால் விதை நிழலில் செத்துப்போகும்.

எலாடியோ செய்த தப்பு, இரண்டு வருடத்தை ஐந்தாக்கியது. அதுவும் அவராகச் செய்யவில்லை. விவசாயத்துறை இன்ஜினியர் கிரெய்வின் 'மண்ணுக்கு ஓய்வு' என்ற திட்டத்தோடு வந்து, ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்த ஐந்து வருடமும் அவர் பக்கத்துச் சரிவைக் குத்தகைக்கு எடுத்து விதைத்தார். இந்த வருடம் அது பறவை பார்ப்பவர்களுக்கான விடுதியாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு வருடப் பீன்ஸ் இனி இந்தச் சரிவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

தொப்பியோடு கிரெய்வினைப் போய்ப் பார்த்தார்.

"இன்ஜினியர், நீங்க சொல்லித்தானே விட்டேன்?"

"பிரமாதமா விட்டிருக்கீங்க! மாவட்டத்துலயே உங்க மண்தான் நல்லா தூங்கியிருக்கு."

"இப்ப எழுப்பணும். வெட்டட்டுமா?"

"வெட்டுறது அவங்க டிபார்ட்மென்ட். எங்களுக்கு விதைச்சாப் போதும். ஆனா மாசக் கடைசிக்குள்ள விதைக்கலேன்னா விவசாயி பட்டியல்ல உங்க பேரை அடிச்சிடுவோம். அப்புறம் என்னைக்குமே அந்த நிலத்துல விதைக்க அனுமதி கிடையாது."

"வெட்டாம விதைச்சா முளைக்காதே!"

கிரெய்வின் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினான். "முளைக்கணும்னு இதுல எங்கயும் போடல, தோன் எலாடியோ."

வீட்டில் மனைவி ஒத்திலியா சிரித்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருந்திருக்கும். "ஊர்ல எல்லார் நிலமும் வேலை செய்யுது. நம்ம நிலம் மட்டும் அஞ்சு வருஷம் தூங்கி எழுந்ததும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிடுச்சு. உங்களுக்கு வராத அதிர்ஷ்டம்!"

"வெட்டத்தான் போறேன்."

"வெட்டுங்க. ஜெயில்லயும் பீன்ஸ்தான் போடுவாங்களாம்."

மாதக் கடைசி வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில் விதைச் சாக்கோடும் வெட்டரிவாளோடும் சரிவில் ஏறினார். பிடிபிடியாக வீசினார். ஐந்து வருடமாகியும் கை அந்தச் சரிவை மறக்கவில்லை. சாக்கு காலியானதும் அரிவாளை ஓங்கினார்.

எதிரே, விடுதிக்காரர்கள் புதிதாகக் கட்டியிருந்த மரமேடையில் பன்னிரண்டு வெளிநாட்டினர் நின்றிருந்தார்கள். பன்னிரண்டு தொலைநோக்கிகளும் அவரையே பார்த்தன.

"அசையாதீங்க!" என்று வழிகாட்டி அடிக்குரலில் கத்தினான். "காலுக்குக் கீழ பாருங்க!"

மலைக்காடைகள். ஊர் விவசாயிகள் மூன்று தலைமுறையாகக் கல்லெறிந்து விரட்டிய பீன்ஸ் திருடிகள் வரிசையாக வந்து அவர் விதைத்ததைப் பொறுக்கித் தின்றன. மேடையில் ஒரு பெண்மணி ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். வெட்டினால் பன்னிரண்டு சாட்சிகள். எலாடியோ ஓங்கிய அரிவாளை மெல்ல இறக்கி, அதன் பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் யோர்லெனியும் கிரெய்வினும் ஒரே வண்டியில் வந்தார்கள். இரண்டு துறைகளும் ஒன்றுசேர்ந்து ஒரு தீர்வு கண்டது அந்த மாவட்டத்தில் அதுவே முதல் தடவை. எலாடியோ தினமும் காலை ஆறு மணிக்கு விடுதி கொடுக்கும் பீன்ஸை வீச வேண்டும். யோர்லெனியின் ஏட்டில் அது 'பறவைப் பாதுகாப்பு'. கிரெய்வினின் ஏட்டில் 'விதைப்பு'.

"பட்டியல்ல பேர் நிலைச்சிடுச்சு!" என்றான் கிரெய்வின்.

"அறுவடை?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லயே."

"ஒரு நாள் நான் வரலேன்னா?"

யோர்லெனி தலையைக் குனிந்துகொண்டாள். "காடைங்க பழகிடும். நீங்க நிறுத்தினா அதுங்களுக்குப் பாதிப்பு. பாதிப்புன்னா விசாரணை."

"அதுங்க இருக்கிற வரைக்கும் வெட்ட முடியாது."

"முடியாது."

"நான் போடுற வரைக்கும் அதுங்க போகாது."

"போகாது, தோன் எலாடியோ."

ஒத்திலியா பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் தூறல். மேடை நிறையக் குடைகள். எலாடியோ சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வீசப் போனார்.

"கொஞ்சம் இருங்க, படம் எடுக்கிறாங்க," என்றான் வழிகாட்டி. "கையை இன்னும் மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

எலாடியோ கையைத் தூக்கியபடி நின்றார்.