உட்கார்ந்து பேசும் கோரிக்கை

நோராவை ஆலையிலிருந்து நிறுத்தியதற்கு ஒரே காரணம், அவள் உட்கார்ந்ததுதான். வயிற்றில் ஏழு மாதம். நூல் சுற்றும் பிரிவில் நின்று நின்று கால் வீங்கிப்போனதால், காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டான். அந்த ஆலையில் அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான் உட்காரலாம். மற்றவர்களுக்குத்தான் ஆண்டவன் கால் கொடுத்திருக்கிறானே, நாற்காலி எதற்கு?

யுத்த காலம். அரிசி விற்ற விலைக்கு ஏற்கெனவே எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. பஞ்சப்படியை உயர்த்த வேண்டும், நோராவைத் திரும்ப எடுக்க வேண்டும், பேச்சுவார்த்தைக்கு வரும் தொழிலாளிகளை நிற்கவைக்காமல் உட்காரவைத்துப் பேச வேண்டும். கடைசிக் கோரிக்கை சங்கச் செயலாளர் டென்சிலுடையது.

டென்சில், கண்டோன்மென்ட்டை ஒட்டிய மர்பி டவுன் பேட்டைக்காரன், தறி பழுதுபார்க்கும் ஃபிட்டர். கமிட்டியில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் மட்டுந்தான். பெட்டிமேல் ஏறி நின்று முதலாளித்துவத்தைப் பிடிபிடியென்று பிடித்தானானால், டீக்கடைக்காரன் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்துவிடுவான்.

மதராஸிலிருந்து வந்திருந்த சிவப்புக் கொடித் தோழர் சிரித்தார். "ஆலையையே கேட்கவேண்டிய வர்க்கம், நாற்காலி கேட்குதா?"

"ஒக்காரவே பயப்படறவன் ஆலைய வாங்கி இன்னா தோழர் பண்ணுவான்?" என்றான் டென்சில்.

சொன்னதோடு விடவில்லை. துரை உள்ளே வந்தாலும் யாரும் எழக்கூடாது என்று சங்க அறையில் ஒத்திகையே வைத்தான். அவனே துரையாகி, டக் டக்கென்று நடந்து வருவான். கமிட்டியிலேயே வயதில் மூத்த நெசவாளி நாணு ஒவ்வொரு தடவையும் துள்ளி எழுந்துவிடுவார். "அய்யோ, காலு கேக்கமாட்டேங்குதுபா!" அறையே விழுந்து விழுந்து சிரிக்கும். "ஒங்க காலு யாரு கட்சி அண்ணே?" என்று டென்சில்தான் அதிகமாகக் கிண்டல் செய்தான்.

ஆலை பல நாள் மூடிக் கிடந்தபின் துரை இறங்கி வந்தார். அவர் அறையில் கமிட்டிக்காரர்களுக்கு நாற்காலி போட்டிருப்பதாகச் செய்தி வந்ததும் ஆலைக் கேட்டில் விசில் பறந்தது. நோராவும் வந்து கேட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

கமிட்டியார் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

டென்சிலின் அப்பா கண்டோன்மென்ட் பங்களாவில் பட்லராக இருந்தவர். பூட்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்க, தொடையில் கிள்ளி அவர் பழக்கிய பிள்ளை அவன். கதவு திறந்தபோது நாணு ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் அசையவில்லை. டென்சில் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரிசெய்திருந்தான்.

நாணு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் துரை பார்த்தாகிவிட்டது. "உட்கார், டென்சில்" என்றார், இங்கிலீஷில், அன்பாகவே. அவன் உட்கார்ந்தான். கேட்டு வாங்கிய நாற்காலி அந்த நிமிஷத்தில் துரை கொடுத்த நாற்காலியாகிவிட்டது. காது மடல் வரை எரிந்தது அவனுக்கு.

பஞ்சப்படி சுலபமாக முடிந்தது. நோராவின் பேச்சு வந்ததும் துரை பேனாவை மூடினார். "உன்னை யாரும் எழச் சொல்லவில்லை. நீயாகவே எழுந்தாய். அந்த ஒழுங்கைத்தான் அவளிடமும் எதிர்பார்த்தேன். அது இல்லாதவள் எனக்கு வேண்டாம்."

பெட்டிமேல் நின்று மணிக்கணக்காகப் பேசுகிறவன், மூடிய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாபா சொல்றாரு?" என்றார் நாணு.

"நோராவ மட்டும் எடுக்க முடியாதாம்."

"ஏன்னு கேளு."

"கேட்டுட்டேன்" என்றான். அவன் கேட்கவில்லை.

வெளியே பஞ்சப்படிச் செய்தி கேட்டு ஜிந்தாபாத் கோஷம் காதைப் பிளந்தது. டென்சில் கழுத்தில் மாலை விழுந்தது. நாணு நல்ல மனுஷர், உள்ளே நடந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அல்லாரும் ஒக்காந்தேதான் பேசினோம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். அதைவிட அவர் அவனைக் காறித் துப்பியிருக்கலாம். மாலையை எங்கே கழற்றி எறிவது என்று தெரியாமல் டென்சில் கூசிப்போனான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் நோராவின் எதிரில் போய் நின்றுவிட்டான். அவனைக் கண்டதும் அவள் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையைச் சுவரிலும் ஊன்றி, மூச்சு வாங்க எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னாச்சுண்ணா?"

உட்காரும்மா என்று சொல்ல வாயெடுத்தான். அந்த வார்த்தையைத்தான் உள்ளே துரை சொல்லியிருந்தார். அது வெளியே வரவில்லை.

"ஒன் விஷயம் மட்டும் ஆவலம்மா. எவ்வளவோ பேசிப் பார்த்தோம்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க? எனக்காக இவ்ளோ தூரம் பேசினீங்களே, அதுவே போதும்" என்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாளே தவிர உட்காரவில்லை. பாதம் இரண்டும் உப்பியிருந்தன.

தான் அங்கே நிற்கும்வரை அவள் உட்காரமாட்டாள் என்று டென்சிலுக்குப் புரிந்தது. விடுவிடுவென்று நடந்தான்.