தெரிந்தே எறிந்த பந்து

மாரிகுப்பத்து வாசு பேஸ்பால் பிட்சர். பந்தெறிவதுதான் வேலை, மூன்று வருஷமாகத் துபாயில் ஓர் அணி அவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எறிவான். லீவில் வந்தவனை, பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் ஆட்கள் விளையாடிக் காட்டச் சொல்லி மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள்.

எதிரே ராகேஷ் பேட்டோடு நின்றான். ஊர் கிரிக்கெட்டில் பெரிய அடிக்காரன். ஹெல்மெட்டை நீட்டினால் தட்டிவிட்டான். வாசு மெதுவாகப் போட்ட இரண்டு பந்தையும் வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டு, "இன்னா வாசு, துபாய்ல இதுக்கா சம்பளம் தராங்க? உன் பொண்டாட்டியே அடிப்பா போலகீதே!" என்றான். மைதானமே சிரித்தது. வேலியோரம் நின்ற வாசுவின் மனைவி சுனிதா தலை குனிந்துகொண்டாள்.

வாசுவுக்குக் காது சுட்டது. மூன்றாவது பந்தை முழு வேகத்தில் எறிந்தான், முகத்துக்கு நேராக.

விறகு பிளந்த மாதிரி சத்தம். ராகேஷ் மடங்கி விழுந்தான். கன்னத்தெலும்பு உள்ளே போயிருந்தது. இடது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. "கை நழுவிடுச்சி" என்றான் வாசு. எல்லோரும் நம்பினார்கள்.

ராகேஷின் அண்ணன் முனிரத்தினம் மட்டும் நம்பவில்லை. கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மத்தியானமே கடப்பாரையோடு வந்தான். வாசலில் வாசுவை மார்பில் உதைத்துத் தள்ளி, வலது கையை மிதித்துக்கொண்டு நின்றான்.

"நீ போட்டா போட்ட எடத்துல உழும்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சி போட்டியா, நழுவிச்சா? நழுவிச்சின்னு என் மூஞ்ச பாத்து சொல்லு. போயிடறேன்."

சுனிதா முனிரத்தினத்தின் காலைப் பிடித்துக்கொண்டு வாசுவைப் பார்த்து அலறினாள். "சொல்லுய்யா! நழுவிச்சின்னு சொல்லேன்!"

வாசு வாயைத் திறந்தான். அன்றைக்கு விழும்போது ராகேஷ் 'அண்ணா' என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. இந்த அண்ணனைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"தெரிஞ்சிதான் போட்டேன்."

கடப்பாரை முழங்கையில் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த அடி மணிக்கட்டில். மூன்றாவது அடிக்கு ஓங்கிய முனிரத்தினம், கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அழுதுகொண்டே தெருவில் இறங்கிப் போனான்.

யார் மேலும் யாரும் கேஸ் கொடுக்கவில்லை. பிளேட் வைத்துச் சேர்த்த கை அப்புறம் மடங்கவே இல்லை. துபாய் அணி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. சுனிதா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சோறு ஊட்டும்போது கேட்டாள்: "ஒரே ஒரு பொய்தானே. ஏன்யா?"

"மைதானத்துல அந்தப் பொய்ய சொல்லிட்டேன். அவங்க அண்ணன் கேக்கறப்ப வாய்ல வரல."

அவள் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினாள்.